அரளி என்று எழுதினால் போதுமா?

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற மரநடுகைப் பயிற்சியில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மழைக்கு முன்பாக எந்தெந்த ஊருக்கு என்னென்ன கன்றுகள் வேண்டும் என்று நாம் பட்டியல் கேட்டிருந்தோம். வந்து சேர்ந்த பட்டியல்களை நேற்று மாலை ஒருசேரப் பார்த்தோம். புங்கு, வேம்பு, பூவரசு, நாவல் என்று எல்லாம் ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தன. ஆயினும் பள்ளி வேலிக்கு, சமுதாயக் கூடத்தின் முன்புறத்துக்கு, குளக்கரைக்கு, சாலையோரத்துக்கு என்று பல ஊர்களிலிருந்து ஒரே சொல் வந்திருக்கிறது: 'அரளி'. எந்த அரளி என்று ஒரு பட்டியலிலும் இல்லை. எங்கே நடப்போகிறோம், அவ்விடத்தில் யார் நடமாடுகிறார்கள் என்ற குறிப்பும் இல்லை. மரங்களைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதாக இருந்த நாம், அந்தப் பட்டியல்களைக் கண்ட பிறகு இன்றைய பேச்சை இந்த ஒரு செடிக்கே ஒதுக்கிவிட்டோம்.

அரளி என்ற ஒரே பெயரால் நம் நாட்டில் வழங்கும் செடிகள் இரண்டு. ஒன்று, சிவப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூத்து மாலைக்குப் போகின்ற அரளி. செவ்வரளி, வெள்ளரளி என்பன அதன் வகைகள். பழைய நூல்களில் அலரி என்று வருவதும் வடமொழியில் கரவீரம் என்று சொல்லப்படுவதும் இதுவே. மற்றொன்று மஞ்சள் அரளி. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் நஞ்சுடையவை. ஆனால் வளரும் விதமும், காய்க்கும் விதமும், மனிதருக்கு ஆபத்து வந்து சேரும் வழியும் இரண்டிலும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டோம் என்று சொல்ல நமக்கு ஆசைதான், உண்மை அதுவன்று. நாம் செய்த பிழையிலிருந்து கற்றுக்கொண்டோம்.

இதற்கு முன்பு நாம் பணியாற்றிய வேறோர் ஒன்றியத்தில், சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை. சுவருக்குப் பணம் கிடைக்கும்வரை உயிர்வேலி போடலாம் என்று ஊராட்சியில் தீர்மானம் ஆயிற்று. முதல் ஆண்டு வைத்த செடிகளையெல்லாம் ஆடுகள் மேய்ந்துவிட்டன. மறு ஆண்டு, "ஆடு வாய் வைக்காத செடியாகக் கொடுங்கள்" என்று ஊரார் கேட்டார்கள். அரளி என்று நாம் எழுதி அனுப்பினோம். நாற்றங்காலிலிருந்து வண்டி வந்தது. இறக்கி எண்ணிக் கையெழுத்தும் போட்டோம். வந்தவை மஞ்சள் அரளிக் கன்றுகள். அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அரளிதானே என்றுதான் சொல்லியிருப்போம். ஆடு தின்னாது என்று நாம் மெச்சிய குணம் அந்தச் செடிக்கு எதனால் வந்தது என்ற கேள்வியும் அன்று எவர் வாயிலும் எழவில்லை.

வேலி நன்றாக வந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். மூன்றாம் ஆண்டு செடிகள் காய்த்தன. ஒரு நாள் மதிய இடைவேளையில் பிள்ளைகள் நால்வர் உதிர்ந்த காய்களைப் பொறுக்கி, மேல்தோலை உரித்து, உள்ளே இருந்த கொட்டையைக் கல்லால் உடைத்து, பருப்பை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்திருக்கிறார்கள். கசந்ததால் துப்பிவிட்டார்கள்; ஆனாலும் சிறிது உள்ளே போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி கண்டது. தலைமையாசிரியை சமயோசிதமாக நடந்துகொண்டார். பிள்ளைகள் கையிலிருந்த கொட்டையையும் ஒரு கிளையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கிடைத்த வண்டியில் நால்வரையும் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு நேரே கொண்டு சேர்த்தார். நால்வரும் பிழைத்தார்கள். அவர்களில் சிறியவனின் தாயார் மூன்று இரவு மருத்துவமனைத் திண்ணையிலேயே கிடந்தார். நாம் பார்க்கப் போனபோது அந்த அம்மையார் நம்மை ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. "ஐயா, அது என்ன செடி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நம்மால் சரியாகப் பதில் சொல்ல இயலவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்று. பதறிப்போன நாம் அந்த வாரமே ஆட்களை விட்டு வேலியை வேரோடு பிடுங்கச் செய்தோம். பிடுங்கியவற்றைப் பள்ளிக்குப் பின்னால் மந்தைவெளி ஓரத்தில் குவித்தார்கள். காய்ந்த பிறகு கொளுத்திவிடலாம் என்பது ஏற்பாடு. பச்சையாக நின்ற மூன்று ஆண்டும் அந்த இலையை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போன ஆடுகள், வாடிக் காய்ந்த பிறகு அதைத் தின்றன. இலை வாடினால் கசப்புக் குறைகிறது, நஞ்சு குறைவதில்லை. ஒரு மூதாட்டியின் ஆடுகள் இரண்டு செத்தன. அந்த அம்மாளுக்கு இருந்தவையே மூன்று ஆடுகள். ஈடு கொடுப்பதற்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தில் நாலைந்து பேர் கையிலிருந்து போட்டு ஓர் ஆடு வாங்கிக் கொடுத்தோம். இன்னோர் ஆடு இன்றளவும் கடனாகவே இருக்கிறது.

ஆகையால், இரண்டு செடிகளையும் கண்ணால் கண்டு, கையால் தொட்டுப் பிரித்தறிய ஒவ்வோர் ஊராட்சி உறுப்பினருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

பூவைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் எண்ணக்கூடும். நாற்றங்காலில் வாங்கும் கன்றில் பூ ஏது? மேலும் மஞ்சள் அரளி எப்போதும் மஞ்சளாகவே பூப்பதில்லை. வெள்ளைப் பூ வகையும், வெளிறிய செம்மஞ்சள் வகையும் அதில் உண்டு. ஆதலால் இலையைப் பார்த்துப் பழகுவதே நம்பத்தக்க வழி. மாலை அரளியின் இலை நீண்டு, தடித்து, தோல்போல் விறைப்பாக இருக்கும். பெரும்பாலும் ஒரு கணுவில் மூன்று இலைகள் ஒன்றாகச் சுற்றி நிற்கும். இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், தடித்த நடுநரம்பிலிருந்து எண்ணற்ற மெல்லிய நரம்புகள் சீப்பின் பற்களைப்போல் நெருக்கமாக ஓடுவதைக் காணலாம். மஞ்சள் அரளியின் இலையோ குறுகலானது, மெல்லியது, எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு உடையது. கணுவுக்கு மூன்றாக நில்லாமல் ஒவ்வொன்றாகத் தண்டைச் சுற்றி ஏறிச் செல்லும். நடுநரம்பு தெளிவாகத் தெரியும். பக்க நரம்புகள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியமாட்டா. காம்பைக் கிள்ளினால் வெள்ளை வெளேரென்று பால் சொட்டும்.

பூத்துவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. மாலை அரளி கிளை நுனியில் கொத்தாகப் பூக்கும். ஐந்து இதழும் விரிந்து தட்டையாக நிற்கும். அடுக்கு வகையில் இதழ்கள் மிகும். மஞ்சள் அரளிப் பூ நீண்ட புனல் வடிவானது; இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டு, முழுவதும் விரியாமலே நிற்கும். காயில் உள்ள வேறுபாடு இன்னும் பெரிது. மாலை அரளி காய்த்தால் இரட்டைக் குச்சிகளைப்போல் நீண்ட காய் விடும். அது முற்றி வெடித்துப் பஞ்சுடன் கூடிய விதைகள் காற்றில் பறக்கும். குழந்தை விளையாட அதில் ஒன்றுமில்லை. மஞ்சள் அரளியின் காய் உருண்டையும் முக்கோணமுமாகக் கலந்த வடிவில், முதலில் பச்சையாகவும் பின்பு கறுத்தும் தொங்கும். உள்ளே கெட்டியான ஓடுடைய கொட்டை ஒன்று, அதற்குள்ளே பருப்பு. பொறுக்கத் தோன்றும், உருட்டத் தோன்றும், உடைத்துப் பார்க்கத் தோன்றும். பிள்ளைகள் கூடும் இடத்துக்கு இதைவிடப் பொருந்தாத காய் ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது.

இவற்றோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் வேறு செடிகளும் உண்டு. பூங்காக்களிலும் அலுவலக வளாகங்களிலும் மஞ்சள் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் டெக்கோமா அவற்றுள் ஒன்று. அதன் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்து, ஓரத்தில் ரம்பப்பல் போல வெட்டுண்டு இருக்கும். காய் மெல்லிய நீண்ட பட்டை. அது அரளியே அன்று. கோயில் நந்தவனத்து நந்தியாவட்டை அரளிக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் வேறு செடி. அதன் இலை அகலமானது, இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்பது. பெரிய இலையும் பருத்த கிளையுமாக மரமாக வளர்ந்து, மணமுள்ள வெள்ளைப் பூ விடும் மரத்தைச் சிலர் ஈழத்தலரி என்பர். சிங்களத்தில் அதற்குப் பெயர் அரலிய. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

இந்த இரண்டு அரளிகளின் ஊரும் வேறு. மாலை அரளி, மத்தியதரைக் கடல் நாடுகள் தொட்டு நமது நாடு வரையில் பரந்த நிலப்பகுதிக்கு உரியது. தண்ணீர் எப்போதாவது ஓடி மற்றைக் காலம் மணலாய்க் கிடக்கும் ஓடைப்படுகைகளில் இயல்பாக வளர்வது. வறட்சியையும் ஒரு நாள் வெள்ளத்தையும் ஒன்றுபோல் தாங்கும் குணம் அதற்கு அங்கிருந்து வந்ததே. திருவாரூருக்கு அருகில் உள்ள திருக்கரவீரம் என்ற பாடல் பெற்ற தலத்துக்கு இதுவே தலமரம். மஞ்சள் அரளி மெக்சிகோவும் அதை அடுத்த அமெரிக்க வெப்ப நாடுகளும் ஈன்றது. கடல் கடந்து இங்கே வந்து, பார்த்தால் அரளிபோல் இருந்தமையால் நம்மவரிடம் அரளி என்ற பெயரைப் பெற்றுக்கொண்டது.

இனி நஞ்சைப் பற்றிச் சில சொற்கள். இரு செடிகளிலும் வேர், பட்டை, இலை, பூ, காய், விதை அனைத்திலும் நஞ்சு உண்டு. விதையில் மிகுதி. அது வயிற்றைக் கலக்குவதோடு நில்லாமல் இதயத்தைத் தாக்கும். துடிப்பு மெதுவாகி, ஒழுங்கு தவறும். வாந்தி நின்றுவிட்டது, பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாகாது. சில மணி நேரம் கழித்தும் இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். மருத்துவர் விடும்வரை அங்கேயே இருக்க வேண்டும். புளிக்கரைசல், உப்புநீர், சாணிக்கரைசல் என்று எதையும் ஊற்றாதீர்கள். வலிய வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். 108-ஐ அழையுங்கள், வண்டி வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் புறப்படுங்கள். அந்தத் தலைமையாசிரியை செய்ததைப் போல, தின்றது எது என்று காட்ட ஒரு கிளையையும் காயையும் எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அதனால் நேரம் மிச்சமாகும். வேரையும் பட்டையையும் கைவைத்தியத்துக்கு எடுத்துப்போகும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. அது வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, அரளியே வேண்டாம் என்று நாம் முடிவு கூறுவோம் என எதிர்பார்ப்பீர்கள். அப்படிக் கூறுவதற்கு இல்லை. மாலை அரளி, தண்ணீர் குறைந்த நிலத்தில் உழவனுக்கு நாள்தோறும் காசு காட்டக்கூடிய பயிர். சேலம் மாவட்டத்தில் பனமரத்துப்பட்டிப் பகுதியில் அரளித் தோட்டங்களை வைத்தே வாழும் குடும்பங்கள் பல. நெல்லுக்கு நீர் இல்லாத கிணறும் அரளிக்குப் போதும். செம்மண், சரளை கலந்த மண், சிறிது உவர் ஏறிய மண் எதிலும் வரும். தண்ணீர் தேங்கி நிற்கும் களிமண் மட்டும் உதவாது.

நடுவதற்கு விதை தேட வேண்டியதில்லை. நன்றாகப் பூக்கும் செடியில், முற்றிய கிளையிலிருந்து பென்சில் பருமனுள்ள குச்சியாக முக்கால் அடி முதல் ஓர் அடி வரை வெட்டி, அடிப்பக்கத்து இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்த பையில் நிழலில் ஊன்றி ஈரம் காயாமல் வைத்திருந்தால் வேர்விடும். பதியன் போட்டும் எடுக்கலாம். எந்தச் செடியிலிருந்து குச்சி எடுக்கிறோமோ அதே நிறப் பூதான் வரும். ஆதலால் குச்சி வெட்டுமுன் அந்தச் செடி பூத்திருப்பதை நேரில் பாருங்கள். சந்தையில் எந்த நிறத்துக்கு, ஒற்றைக்கா அடுக்குக்கா விலை என்பதை உங்கள் பக்கத்துப் பூக்கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நிறம் மாற்றி நட்டுவிட்டு ஓராண்டு கழித்து வருந்திய உழவர்களை நாம் அறிவோம்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, தொழுவுரமும் மேல்மண்ணும் இட்டு நடலாம். வரிசைக்கு வரிசை எட்டடி, செடிக்குச் செடி ஆறடி விட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 900 செடி பிடிக்கும். நெருக்கி நட்டால் முதலில் பூ மிகுதியாகத் தோன்றும். பிறகு உள்ளே புகுந்து பறிக்க வழி இராது. வேர் பிடிக்கும்வரை வாரத்துக்கு இரு முறை தண்ணீர் வேண்டும். பின்பு மண்ணைப் பார்த்து வாரம் ஒரு முறையோ பத்து நாளுக்கு ஒரு முறையோ விடலாம். சொட்டுநீர் அமைத்தவர்கள் இன்னும் சிக்கனமாக நடத்துகிறார்கள். செடி சாகாமல் இருப்பதற்கு மிகக் குறைந்த நீர் போதும். ஆனால் பூக்க வேண்டுமானால் தண்ணீர் காட்டியே ஆக வேண்டும். வறட்சியைத் தாங்கும் என்ற சொல்லை நம்பித் தண்ணீரே விடாத தோட்டத்தில் பச்சை இலையைத்தான் பறிக்கலாம்.

பூ புதுத் தளிரின் நுனியில் வருவது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து செய்யாவிட்டால் செடி உயர்ந்து, பூ எட்டாத உயரத்துக்குப் போய்விடும். மொட்டாக இருக்கும்போதே, விடியற்காலையில், ஒவ்வொன்றாகக் கையால் பறிக்க வேண்டும். இந்தப் பயிரில் பெருஞ்செலவு பறிகூலியே. வீட்டு ஆள்பலத்துக்கு மேல் நட்டுவிட்டு, கூலிக்கு ஆள் கிடைக்காமல் மொட்டு மலர்ந்து உதிர்வதைப் பார்த்து நிற்பதைவிட, கால் ஏக்கரில் தொடங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம். திருவிழாக் காலத்தில் விலை ஏறும். மற்ற நாளில் மிகவும் இறங்கும். இறங்கிய விலையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

நஞ்சுள்ள செடி ஆயிற்றே, பூச்சி வராது என்று எண்ண வேண்டாம். அரளிக்கென்றே ஒரு பெரிய பச்சைப் புழு உண்டு. தலைப்பக்கத்தில் நீலக் கண்போன்ற இரண்டு புள்ளிகளுடன், விரல் பருமனுக்கு வளரும். நம்மைக் கொல்லும் இலை அதற்கு உணவு! சில செடிகளில் மட்டும் கண்டால் கையால் எடுத்து அழித்துவிடலாம். இளந்தளிரில் மஞ்சள் நிற அசுவினி அடையடையாய் மொய்க்கும். அந்த நுனிகளை வெட்டி எறிந்து, சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெய்க் கரைசலோ தெளித்தால் பெரும்பாலும் அடங்கும்.

தோட்டம் வைப்பவர்கள் மறக்கலாகாதது ஒன்று உண்டு. அரளி வரிசைகளுக்கு இடையில் தீவனப் பயிர் போடாதீர்கள். அங்கே முளைக்கும் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடாதீர்கள். உதிர்ந்த இலை புல்லோடு கலந்து போய்விடும். கட்டுத்தறியில் நிற்கும் மாடு பொறுக்கியா தின்னும்? வரப்பில் ஒரு வரிசை நடலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே மறுமொழி. கவாத்து செய்த கிளைகளைக் கரையில் குவித்து வைக்கலாகாது. அன்றைக்கே தோட்டத்துக்குள் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து மேலே முள் போடுங்கள். கொளுத்தலாம் என்று நாம் அந்த ஊரில் போட்ட ஏற்பாடும் தவறானதே. அந்தப் புகையும் தீங்கானது. அடுப்புக்கும் அதை விறகாக்கக் கூடாது. பறித்த கையோடு கண்ணைத் தேய்க்காமல், சாப்பிடாமல், சோப்பிட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும்.

கோயில்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள், நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தன. இளம்பெண் ஒருவர் அரளியை மென்றதால் இறந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததை அடுத்து எடுத்த முடிவு அது. நம்மூர் அரளி உழவர்கள் அச்செய்தி கேட்டுக் கலங்கினார்கள். நமது எண்ணத்தில் அதில் கலங்குவதற்கு ஒன்றுமில்லை. இறைவனுக்கு மாலையாகச் சாத்தும் பூ வேறு; பொங்கல் இலையிலும் தீர்த்தத்திலும் வந்து விழும் பூ வேறு. மாலைக்கு அரளியும், வாயில் படுவதற்குத் துளசியும் என்று பிரித்துக்கொள்வதில் பக்திக்கும் குறைவில்லை, உழவனுக்கும் நட்டமில்லை. அதைவிட நமக்குக் கவலை தருவது, கழற்றிய மாலைகளைக் கோயிலுக்குப் பின்னால் எறிந்து, அவற்றை ஊர் மாடுகள் மேய்வது. பூவோடு நாரும் இலையும் அதில் இருக்கும். வாடிய மாலைகளை மூடிய தொட்டியில் சேர்த்து அகற்றுவது ஊராட்சியின் துப்புரவுப் பணியிலேயே அடங்கும்; அதற்குத் தனிப் பணம் கேட்க வேண்டியதில்லை.

இனிப் பட்டியலுக்கு வருவோம். பள்ளி, அங்கன்வாடி, விளையாட்டிடம் ஆகிய மூன்றுக்கும் இரண்டு அரளியும் வேண்டாம். குடிநீர்த் தொட்டிக்கும் கால்நடைத் தொட்டிக்கும் அருகிலும் வேண்டாம். பூவும் இலையும் விழுந்து ஊறிய நீரும் கெடுதல் செய்யும். குளக்கரையில் மாடு இறங்கும் பக்கம் கூடாது. நான்கு வழிச் சாலைகளின் நடுத்திட்டில் மாலை அரளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே புகையையும் வெயிலையும் தாங்கி நிற்கிறது. ஆடுமாடும் பிள்ளைகளும் அங்கே மேய்வதும் விளையாடுவதும் இல்லை. அதைப் பார்த்து ஊருக்குள் செல்லும் சாலையோரத்திலும் நடலாம் என்று எண்ணுவது சரியன்று. மஞ்சள் அரளியைப் பொறுத்தமட்டில், ஊராட்சிச் செலவில் நடுவதற்கு ஏற்ற இடம் எதுவும் நம் வட்டாரத்தில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஏற்கனவே வளர்ந்திருப்பவற்றை, பள்ளி அருகில் உள்ளவற்றை முதலாகக் கொண்டு, காய்க்குமுன் அகற்றிவிடலாம். அகற்றியதை எப்படிப் புதைப்பது என்று மேலே சொன்னோம்.

அப்படியானால் ஆடு தின்னாத வேலிக்கு என்ன செய்வது? இதற்கு நம் முன்னோர்களே விடை வைத்திருக்கிறார்கள். ஆடாதோடை இருக்கிறது; ஆடு தொடாத இலை என்று அதன் பெயருக்கே பொருள் சொல்வார்கள். வெள்ளைப் பூவும் பார்க்க அழகு. நொச்சி இருக்கிறது, நீலப் பூங்கொத்து விட்டு அடர்ந்து வளரும், கரை மண்ணையும் பிடித்துக்கொள்ளும். காய்ந்த நிலமாயின் கிளுவை. மூன்றையும் போத்தாக வெட்டி ஊன்றினாலே போதும். நாற்றங்காலை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. அரளி அளவுக்குச் சாலையில் போவோர் கண்ணைப் பறிக்கும் அழகு இவற்றுக்கு இல்லைதான். நமக்கு வேண்டியது வேலி.

ஆகவே, 'அரளி' என்று எழுதிய பட்டியல்களை எல்லாம் இன்று திருப்பிக் கொடுக்கிறோம். யாரும் மனவருத்தம் கொள்ள வேண்டாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினோம். மாலை அரளியா, மஞ்சள் அரளியா என்றும், நடும் இடம் எது என்றும், அவ்விடத்தில் பிள்ளைகளோ கால்நடைகளோ வருமா என்றும் மூன்று விவரமும் எழுதி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். கன்று வண்டி வரும் நாளில் உறுப்பினர் ஒருவர் கூட இருந்து, இலையைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு செடிகளின் கிளைகளும் இந்த மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றன. இடப்பக்கம் இருப்பது எது, வலப்பக்கம் இருப்பது எது என்று நாம் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, கணுவை எண்ணி, நீங்களே சொல்லுங்கள். சொன்னவர்கள் சாப்பாட்டுப் பந்திக்குப் போகுமுன், பின்கட்டுக் குழாயடியில் சோப்பு வைத்திருக்கிறது. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு போங்கள்.